காடிக்கு அடியில குனிஞ்சு பாருடா தம்பி

அழகா இருக்குடா தம்பி காடி. கூரையில வரிசையா லைட்டு, முன்னால விஞ்ச், கண்ணாடிக்குப் பக்கத்துல வானத்தப் பாத்து நிக்கிற ஸ்நோர்க்கல். 2017 நவம்பர்ல பினாங்குல ஊரெல்லாம் தண்ணி நின்னுச்சே, அன்னிக்கு இந்த மூக்கு நம்மகிட்ட இருந்திருந்தா தெருவே உன் பின்னால வந்திருக்கும். பின்கதவுல ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஸ்டிக்கர் வேற. 1997லேர்ந்து மழைக்காலமாப் பாத்து, சேறு எங்க ஆழமோ அங்கயே நடத்துற போட்டி அது. நீ போனியான்னு கேக்க மாட்டேன். ஸ்டிக்கர் ஒட்டணும்னா சேத்துல விழுந்திருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல.

எனக்கு வயசாச்சு. மேல இருக்கிற சாமானெல்லாம் கண்ணுல படுறதில்ல, அடியில இருக்கிறதுதான் படுது. அதான் கேக்குறேன்: கியர் பாக்ஸ் வாலுக்கு அண்டக் குடுத்திருக்கியே ஒரு மரக்கட்டை, அது மெராந்தியா, செங்காலா? கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்க. நல்ல முடிச்சு. நிபோங் தெபால் பக்கம் தோட்டத்துல விறகு கட்டுறவங்க இந்த முடிச்சுதான் போடுவாங்க. விறகு இறங்கிப் போய் யாரையும் இடிச்சதில்ல.

கதை எனக்குத் தெரியும். நீ சொல்ல வேணாம், கோப்பியைக் குடி. வாங்கினது சுசுகி எஸ்ஜே410. கம்பெனி குடுத்த எஞ்சின் 970 சிசி, நாலு கியர். பாலிக் புலாவ் மேட்டுல டுரியான் போட்டிருக்கிறவங்க அதே 970ஐ முதல் கியர்ல முனக விட்டே மூட்டை மூட்டையா அங் ஹே பழத்தை இறக்கிட்டாங்க. உனக்கு அது பத்தல. ஜப்பான் ஹாஃப் கட்டுல வந்த விட்டாரா எஞ்சின் வேணும், 1590 சிசி, அதுக்கு அஞ்சு கியர் பெட்டி வேணும். எஞ்சின் உள்ள போச்சு. பெட்டியோட நீளம் வேற, மவுண்டிங் வர்ற எடம் வேற. கியர் பாக்ஸைத் தாங்குற குறுக்குச் சட்டம், அந்தப் பழைய கிராஸ்மெம்பர், ஒரு பக்கம் நிக்குது, கியர் பாக்ஸ் வால் இன்னொரு பக்கம் நிக்குது, நடுவுல உன் மரக்கட்டை. இப்ப கூட்டாளி சொல்லியிருப்பான்: "ரெண்டு அடி பைப்பு, நாலு வெல்டு, கோப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிரலாம் லா."

முடிங்கடா. நான் குறுக்க நிக்கல. ஆனா கெடுக்கிறதுன்னாலும் முறையாக் கெடுக்கணும், அதுக்குத்தான் என்னை மாதிரி ஆள் வேணும்.

முதல்ல காடியை ரெண்டு தூண் லிஃப்டுல தூக்கிரு. நின்னுக்கிட்டே வேலை பாக்கலாம், முதுகு வலிக்காது. தூக்கினதும் நாலு சக்கரமும் தொங்கும், ஆக்சில் ரெண்டும் கீழ எறங்கும், டிஃபரன்ஷல் மூக்கு ஒரு திசையப் பாக்கும். அந்தத் திசைக்குக் கச்சிதமா ஒரு கிராஸ்மெம்பர் அடி. பிறகு காடியைத் தரையில எறக்கு. ஆக்சில் மேல ஏறி, மூக்கு வேற எங்கயோ பாத்துக்கிட்டிருக்கும். அந்தரத்துல நிக்கிற காடிக்கு அளவெடுத்த சட்டம் அந்தரத்துலதான் ஓடும், பாவம் நீ ரோட்டுல ஓட்டுற.

அது உனக்குப் பிடிக்கலன்னா, இஷ்டம் இருந்தா மட்டும் கேளு. தரை மட்டமா ஒரு எடம் பாத்து, காடியை அது சொந்தச் சக்கரத்துலயே நிறுத்து. விஞ்ச் மாட்டியே இருக்கட்டும். டாங்கியில பெட்ரோல் இருக்கட்டும். பின்னால நீ சுமந்துக்கிட்டுத் திரியுற கூடாரம், அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் ஏத்தியே வை. அந்தப் பாரத்துலதான அது ஓடப்போகுது? அப்புறம் கியர் பாக்ஸுக்கு அடியில ஜாக்கி குடுத்து, மில்லி மில்லியா ஏத்தி எறக்கி, காந்தம் வச்ச கோணமானியை ஷாஃப்ட்டு மேல ஒட்டி அளந்து பாரு. இதுக்குத்தான் நேரம் போகும். வெல்டு அடிக்கிறது கடைசி அரைமணி நேர வேலைடா. கிராஸ்மெம்பர்ங்கிறது கியர் பாக்ஸ் எந்த எடத்துல, எந்தச் சாய்வுல நிக்கணும்னு நீ முடிவு பண்ணினதை இரும்புல எழுதி வைக்கிறது. முடிவே பண்ணாம இரும்பைத் தூக்கிட்டு வர்றீங்க.

கோணம் எதுக்குன்னு கேக்குறியா? கேக்கல. இருந்தாலும் சொல்றேன். யூ ஜாயிண்ட் வளைஞ்சு சுத்துறப்ப ஒரே வேகத்துல சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். 10 டிகிரி வளைவுல முந்துறது ஒண்ணரை சதவீதம். 20 டிகிரியில ஆறு சதவீதத்தையும் தாண்டிரும். இந்த முனையில வந்த கோணலை அந்த முனையில இருக்கிற ஜாயிண்ட் எதிர்க்கோணலாத் திருப்பிக் குடுத்து நேராக்குது. ரெண்டு முனையிலயும் வளைவு சமமா இருந்தாத்தான் அந்தக் கணக்குத் தீரும். 1 டிகிரிக்கு மேல வித்தியாசம் போனா உன் சீட்டுக்கு அடியில மேளம் ஆரம்பிச்சிரும். சரி, வளைவே வேணாம், நூல் பிடிச்ச நேரா வச்சிருவோம்னு புத்திசாலித்தனம் பண்ணாத. ஜாயிண்டுக்குள்ள இருக்கிற ஊசி பேரிங் உருளாம ஒரே எடத்துல உக்காந்து குழி பறிக்கும். அரை டிகிரி, ஒரு டிகிரியாவது வளையணும்.

எஸ்ஜேயில இன்னொரு வம்பு இருக்கு. அதுல டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோட ஒட்டிப் பிறந்தது இல்ல. தனியா, மூணு ரப்பர்ல தொங்கிக்கிட்டு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட். கணக்குப் போட்டுப் பாரு: 1 மீட்டர் ஷாஃப்ட்டோட ஒரு முனையை 10 மில்லி எறக்கினா கோணம் அரை டிகிரிதான் மாறும். 300 மில்லி ஷாஃப்ட்டுல அதே 10 மில்லி எறக்கினா கிட்டத்தட்ட 2 டிகிரி. உன் மரக்கட்டை எத்தனை மில்லி எறக்கியிருக்குன்னு நீயே குனிஞ்சு பாத்துக்க. நான் பாத்துட்டேன், சொல்ல மாட்டேன்.

அடுத்தது ரப்பர். உங்க ஆளுங்களுக்கு ரப்பரக் கண்டாலே பிடிக்காது, "இரும்புக்கு இரும்பு முடுக்கினாத்தான் ஸ்ட்ராங்"னு ஒரு பேச்சு. பால்மரம் சீவின பரம்பரைடா நாம, ரப்பரைக் குறைச்சுப் பேசலாமா? சேசிஸ் அசையாத சாமான்னு நினைக்கிற பாரு, அங்கதான் தப்பு. மேடு பள்ளத்துல போட்ட கயித்துக் கட்டில் ஒரு பக்கம் முறுக்கிக்கிட்டு நிக்குமே, ஏணிச் சேசிஸும் அதேதான். முன்சக்கரம் ஒண்ணு பாறையில ஏறி, எதிர்ப்பக்கம் பின்சக்கரமும் ஏறி, மத்தது ரெண்டும் குழியில எறங்குறப்ப ரெண்டு நீளச் சட்டமும் எதிரெதிராத் திரும்பும். அதுக்குத் திரும்பத் தெரியும், அப்படித்தான் செஞ்சிருக்கான். கியர் பாக்ஸ் கூடு வார்ப்பு. அதுக்கு வளையத் தெரியாது, ஒடையத்தான் தெரியும். அதனாலதான் எஞ்சினுக்கு ரெண்டு பக்கம் ரெண்டு, வாலுக்கு ஒண்ணுன்னு மூணே எடத்துல ரப்பர் வச்சுத் தாங்கறது. மூணு புள்ளி எப்படிச் சாஞ்சாலும் ஒரே தளத்துலதான் நிக்கும், சேசிஸ் முறுக்குறது கியர் பாக்ஸுக்குப் போய்ச் சேராது. நாலாவதா ஒரு எடத்துல இறுக்கினா போய்ச் சேர்ந்துரும். ரப்பரைத் தூக்கி எறிஞ்சாலும் போய்ச் சேர்ந்துரும், கூடவே எஞ்சின் நடுக்கம் மொத்தமும் உன் பல்லுக்கு வரும். ராத்திரிப் பயணத்துல தூக்கம் வராது, அது ஒரு லாபம்தான். மவுண்டிங் உக்கார்ற காது என்னிக்கு ஒடியுதோ அன்னிக்கு லாப நட்டம் பாத்துக்கலாம்.

புகைக்குழாய் அந்த மவுண்டிங்குக்குப் பக்கத்துலயே போகுது, பாத்தியா? ரப்பர் வெந்துரும். தள்ளி வை, இல்ல நடுவுல ஒரு தகடு போடு.

இப்ப சேசிஸ்ல எங்க ஓட்டை போடப்போற? சட்டத்தோட மேல் முகத்துலயும் அடி முகத்துலயும் போடு, ட்ரில் வைக்க வசதி. வளையிற பாரம் பெரும்பாலும் அந்த ரெண்டு முகத்துலதான் இழுத்துக்கிட்டும் நசுங்கிக்கிட்டும் நிக்குது, அங்க ஓட்டை போட்டா வெடிப்பு தானா வந்து குடியேறும். வாடகை கூடக் கேக்க வேணாம். லோரிக்குப் பெட்டி கட்டுறவங்க அதைத் தொடவே மாட்டாங்க, பக்கச் சுவர்ல நடுவாக்குலதான் போடுவாங்க, அங்கதான் இழுப்பு குறைவு. அதுலயும் உன்னது பெட்டிச் சட்டம், உள்ள வெத்து. போல்ட்டை முடுக்க முடுக்க சுவர் உள்ள அமுங்கும், நீ இறுக்கம் வந்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டிருப்ப. ஓட்டைக்கு உள்ள அளவான ஒரு குழாயை நுழைச்சு ரெண்டு பக்கமும் வெல்டு அடிச்சு, அதுக்குள்ள போல்ட்டை விட்டா சுவர் அமுங்காது. இதைச் செய்ய உங்க யாருக்கும் பொறுமை இல்ல, ஏன்னா வெளிய தெரியாது, போட்டோவுலயும் வராது.

அதுக்கு முன்னால சுத்தியலால தட்டிப் பாத்துக்க. தீவுக் காத்துல உப்பு இருக்கு, பெட்டிச் சட்டம் உள்ளயிருந்துதான் தின்னும். டங்குன்னா இரும்பு, டொக்குன்னா பெயிண்டு. பெயிண்டுல வெல்டு பிடிக்கிற வித்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.

லேண்ட் ரோவர் கதை சொல்லி என்னை மடக்கலாம்னு பாக்காத. அந்தக் கதை எனக்கும் தெரியும். 1948ல அது பிறந்தப்ப பெரிய சண்டை முடிஞ்ச கையோட பிரஸ் அச்சு போட வசதி இல்ல. தட்டைத் தகட்டைப் பட்டை பட்டையாக் கீறி, நாலு பட்டையைச் சேத்து வெல்டு அடிச்சுப் பெட்டிச் சட்டமாக்கினாங்க. அதை வச்சு உலகத்துல பாதிக் காட்டைச் சுத்தியாச்சு. "அவங்களே ஒட்டித்தான செஞ்சாங்க"ன்னு நீ கேப்ப. ஒட்டினாங்க, ஆனா ஜிக்குல பூட்டி வச்சு ஒட்டினாங்க. வெல்டு ஆறுறப்ப இரும்பு சுருங்கி இழுக்கும், பூட்டலன்னா அது போற பக்கம் போயிரும். உன் கூட்டாளி கையில ஜிக் இருக்கா? பாட்டு போட ஸ்பீக்கர் இருக்கு, அதைப் பாத்தேன்.

அதனால ரெண்டு கரையிலயும் பிராக்கெட்டை முதல்ல போல்ட்டுல உக்கார வை. பிறகு நடுக் குழாயை அளந்து வெட்டி அங்கயே பொட்டு வெல்டு வை. சின்னச் சின்னப் பொட்டு, பேராசைப்படாத. கியர் பாக்ஸை அது மேல உக்கார வச்சு, கோணத்தைத் திரும்பப் பாரு, கியர் குச்சி தரை ஓட்டையில இடிக்காம ஆடுதான்னு பாரு, முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு ஸ்பிரிங் முழுக்கத் தொங்குறப்பவும் குழாயில உரசாம இருக்கான்னு பாரு. எண்ணெய் வடிக்கிற திருகுக்கு நேர் கீழ குழாயைக் கொண்டு போய் வச்சிராத, பிறகு ஒவ்வொரு தடவையும் எண்ணெய் மாத்த உறிஞ்சு குழல் வாங்கணும். எல்லாம் சரின்னாக் கழட்டி வெளிய கொண்டாந்து, கனமான இரும்புல இறுக்கிப் பூட்டி முழு வெல்டு அடி.

காடியிலயே வச்சுத்தான் அடிப்பேன்னா, பாட்டரி ஒயரைக் கழட்டு, எர்த் கிளிப்பை வெல்டு அடிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே கடி. பம்பர்ல மாட்டிட்டு கியர் பாக்ஸ் பக்கம் அடிச்சா கரண்டு வழி தேடிக்கிட்டு பேரிங் வழியாப் போகும், போறப்பவே பேரிங்கில பொறி வச்சுட்டுப் போகும். பெட்ரோல் பைப்பு எங்க போகுதுன்னு தெரியும்ல? தெரியாதுன்னா நான் அப்படித் தள்ளிப் போய் உக்காந்துக்கிறேன்.

இரும்பு என்ன வாங்கியிருக்க? காட்டு. ஆகா. தண்ணிப் பைப்பு. பளபளன்னு துத்தநாகம் பூசினது. வீட்டுக்குத் தண்ணி வந்துச்சு, மிச்சம் காடிக்கு வந்துச்சு. இதை அப்படியே வெல்டு அடிச்சா வெள்ளைப் புகை கிளம்பும், மூச்சுல போகும், சாயங்காலம் குளிர் காய்ச்சல் வந்து போத்திக்கிட்டுப் படுப்ப. பால் குடிச்சா சரியாப் போகும்னு பட்டறையில எல்லாரும் சொல்வாங்க. பால்காரனுக்கு நல்லது, உனக்கு ஒரு பலனும் இல்ல. பூச்சை முழுக்க கிரைண்டர்ல எடுத்துட்டு, காத்தோட்டமான எடத்துல அடிக்கணும். அதைவிட, 50க்கு 50 சதுரக் குழாய், 3 மில்லி சுவரு, கறுப்பு இரும்பு, எந்த இரும்புக் கடையிலயும் கிடைக்கும். பிராக்கெட்டுக்கு 6 மில்லி தகடு. மூலைக்கு முக்கோணத் தகடு வச்சுத் தாங்கு. சாதா இரும்புக்கு 6013 குச்சி தாராளமாப் போதும். 7018தான் கெத்துன்னு வாங்கி, டப்பாவைத் தொறந்து நம்ம ஊர் ஈரக் காத்துல ஒரு வாரம் வச்சிருந்தேன்னா, குச்சி ஈரத்தைக் குடிச்சுக்கிட்டு வெல்டுக்கு அடியில வெடிப்பு விடும்.

நட்டு போல்ட்டு வாங்க ஞாயித்துக்கிழமை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போறேங்கிற. போ, நானும் வர்றேன். பழைய ரேடியோ, பழைய காசு, பழைய ஸ்பேனர் எல்லாம் பாக்கலாம். போல்ட்டை மட்டும் அங்க பொறுக்காத. தலையில 8.8னு குத்தியிருக்கணும். முதல் 8ன்னா 800 மெகாபாஸ்கல்ல பிச்சுக்கும், அடுத்த 8ன்னா அதுல 80 சதவீதத்துல, அதாவது 640ல, நீண்டுபோக ஆரம்பிக்கும். தலையில ஒண்ணுமே எழுதாத போல்ட்டு எங்க பிச்சுக்கும்னு அதுக்கே தெரியாது. எம்12ன்னா 80 நியூட்டன் மீட்டரை ஒட்டி முடுக்கு, டார்க் ரென்ச்சுல. காட்டுல ஒரு ஓட்டம் போய் வந்ததும் திரும்ப முடுக்கிப் பாரு. முடுக்குறதுக்குப் பதிலா கழுவி மெழுகு போடுவ, எனக்குத் தெரியும்.

கூட்டாளி இன்னொரு யோசனை சொல்லியிருப்பானே, போல்ட்டே வேணாம், நேரா சேசிஸ்லயே வெல்டு அடிச்சிரலாம்னு. அருமையான யோசனை. துன் சார்டோன் ரோட்டு ஏத்தத்துல, பாலிக் புலாவ் போற வழியில, நீ பாதிக் கிளட்ச்சுல நின்னு நின்னு ஏறி, பிளேட் தேய்ஞ்சு நாத்தம் வரும். கிளட்ச் பிளேட் மாத்தணும்னா கியர் பாக்ஸை எறக்கணும். கியர் பாக்ஸை எறக்கணும்னா கிராஸ்மெம்பர் கழலணும். வெல்டு கழலாது. கிரைண்டரை எடு, அறு, மாத்து, திரும்ப வெல்டு அடி. அடுத்த கிளட்ச்சுக்குத் திரும்ப அறு. லேண்ட் ரோவர் டிஃபெண்டர்ல கம்பெனியே போல்ட்டு போட்ட கிராஸ்மெம்பர்தான் குடுத்தான். அதுவும் லேசுல வராது, ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல ஜாக்கியைப் படுக்க வச்சுக் கொஞ்சம் விரிச்சாத்தான் நழுவி வரும். அவ்வளவு இறுக்கமா இருந்தும் அவன் வெல்டு அடிக்கல பாரு, ஏன்னா திட்டுறது மெக்கானிக்னு அவனுக்குத் தெரியும்.

குழாயை எவ்வளவு கீழ தொங்க விடப்போற? நேராக் குறுக்க விட்டா கியர் பாக்ஸ் இடிக்குது, அதனால அடியில வளைச்சு எறக்கிரலாம்னு வரைஞ்சிருக்க. எஸ்ஜேக்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 2030 மில்லி. வயிறு தரையிலேர்ந்து 200 மில்லி உயரத்துல இருந்தா, முதுகு வச்ச மேட்டை ஏறக்குறைய 22 டிகிரி வரைக்கும் வயிறு தட்டாம தாண்டலாம். 50 மில்லி தொங்க விட்டா 17 டிகிரிக்குக் கீழ போயிரும். பெரிய டயர் போட்டு, ஸ்பிரிங்கைத் தூக்கி, இத்தனை வெள்ளி செலவழிச்சு ஏத்தின உயரத்தை ஒரு தண்ணிப் பைப்பு வாங்கிக் குடிச்சிரும். அடியில தொங்கித்தான் ஆகணும்னா முன்பக்கம் சறுக்குத் தகடு சாய்ச்சு வை. இல்லாட்டி வெட்டின மரக்குத்தி ஒவ்வொண்ணும் அதைப் பிடிச்சு நிறுத்திப் பேசும்.

கொடிமலையில ஏத்திக் காட்டுறேன்னு யாருகிட்டயும் பந்தயம் கட்டாத. பொட்டானிக்கல் கார்டன்லேர்ந்து மேல போற ஜீப் ரோடு 5 கிலோமீட்டர் செங்குத்து, அனுமதி இருக்கிற வண்டிதான் போகலாம். உனக்கு நடக்க அனுமதி உண்டு. நடந்தா அந்த விஞ்ச்சுக்கும் ஓய்வு கிடைக்கும்.

இன்னொண்ணு. கிரைண்டரைக் கையில எடுத்தா உங்களுக்கு எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கணும்னு தோணும். சேசிஸ் நம்பர் குத்தின எடத்தைத் தொட்ட, அவ்வளவுதான், சொந்தக் காடியைத் திருட்டுக் காடியா ஆக்கிட்ட. அதுக்குக் கிட்டக்கூட வெல்டு பொறி தெறிக்கவிடாத, ஈரச் சாக்கு போட்டு மூடு. எஞ்சின் நம்பர் மாறிப்போச்சு, அதுவும் கிரான்ட்டுல ஏறணும். காடியை எப்படிக் கட்டணும்னு 1959லயே விதி போட்டுட்டாங்க, 1987 ரோட்டுப் போக்குவரத்துச் சட்டம் அதுக்கு மேல. ரோட்டுப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயோட அனுமதி, வண்டிச் சோதனை, ரெண்டும் முடியாம ரோட்டுக்கு வந்தா, இடிச்ச அன்னிக்கு இன்சூரன்ஸ்காரன் உன் ஸ்டிக்கர் முதக்கொண்டு எல்லாத்தையும் படிச்சுப் பாப்பான்.

அதனால நாளைக்கு நல்லபடியாப் போய் ஜேபிஜேல கேளு. மரியாதையாப் பேசு. அங்க குடுக்கிற ஃபாரத்துல "வேலைக்கு யோசனை சொன்னவர்"னு ஒரு கட்டம் இருந்தா உன் கூட்டாளி பேரைப் போடு. என் பேரைப் போட்டுடாத. மரக்கட்டையைக் கழட்டினதும் இங்க கொண்டாந்து குடுத்துரு, செங்கால்தான்னு நினைக்கிறேன், என் பலகைக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டையா இருக்கு.